பழைய உத்திரம், கடப்பா கல், கொஞ்சம் பிளைவுட்: கோபி பக்கம் ஒரு சமையலறை அலமாரி

கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் இருக்கிற ஒரு தோட்டத்து வீடு இது. முன்னால் திண்ணை, நடுவில் ஆசாரம் (கூடம்), பின்கட்டில் புகை படிந்த அடுப்படி. முன்பகுதி ஓட்டு வீடாகவே இருக்கட்டும், பின்கட்டை மட்டும் இடித்துத் தார்சு (கான்கிரீட் கூரை) போட்டுப் புது சமையலறை கட்டலாம் என்று முடிவாகி, வரைபடமும் மேற்பார்வையும் என்னிடம் வந்தது. சுவர் எழும்பும் வரை வீட்டில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அலமாரி என்ற பேச்சு வந்ததும் ஆளுக்கொரு திசை.

மகனுக்குக் கைப்பேசியில் பார்த்த வெள்ளை மாடுலர் கிச்சன் வேண்டும். பெரியவருக்கு ஒரே நிபந்தனைதான் (செல்லு என்றால் கரையான்): "செல்லுப் புடிக்கக் கூடாதுங்க, அதுக்கு மேல நீங்க என்ன பண்ணுனாலுஞ் சேரி." மருமகள் கேட்டது வேறு: "ஏனுங்கண்ணா, இந்த பிளைவுட்டுப் பசையில இருந்து ஏதோ வாயு வருதாமா, பையனுக்கு வேற வீசிங் இருக்குது, ஆகாதுங்களா?" சுற்றுச்சூழலுக்கு உகந்த அலமாரி வேண்டும் என்று யாரும் தொடங்கவில்லை. ஆனால் செல்லு, வாயு, எத்தனை வருடம் தாங்கும் என்ற மூன்று கேள்விக்கும் பதில் தேடிப் போனால் கடைசியில் போய் நிற்கிற இடம் அதுதான்.

அந்த வாயு ஃபார்மால்டிஹைடு. பார்ட்டிக்கிள் போர்டு (மரச்சில்லை அழுத்திச் செய்வது), எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்வது), சாதாரண பிளைவுட் எல்லாவற்றையும் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசைதான் பிடித்து வைத்திருக்கிறது. விலை மலிவு, சீக்கிரம் இறுகும், நிறம் தெரியாது. ஆனால் ஈரமும் சூடும் பட்டால் அந்தப் பசை மெல்ல மெல்லச் சிதைந்து வாயுவை விடும். புதிதில் அதிகம், மாதங்கள் போகப் போகக் குறையும், அடியோடு நிற்க வருடக்கணக்கில் ஆகும். கண் எரிச்சல், தொண்டை அரிப்பு, இளைப்பு இருப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் தொல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. ஈரமும் சூடும் என்றேன், சமையலறையில் வேறு என்ன இருக்கிறது, அதிலும் ஈரோட்டுச் சித்திரை வெயிலில்.

கோவையில் ஒரு ஷோரூமில் விலைப்பட்டியல் வாங்கினோம். பெட்டி, அவர்கள் பாஷையில் கார்கஸ், எச்.டி.எச்.எம்.ஆர் என்கிற, ஈரம் தாங்கும் கெட்டி மரநார் போர்டில், ஷட்டர் என்கிற கதவு எம்.டி.எஃப் மேல் அக்ரிலிக். சிங்க்குக்குக் கீழே மட்டும் பி.வி.சி போர்டு. தாளின் தலைப்பிலேயே பச்சை இலை போட்டு 'ஈகோ ஃப்ரெண்ட்லி'. எதனால் என்று கேட்டதற்கு விற்பனையில் இருந்த தம்பி மூன்று காரணம் சொன்னார்: போர்டு ஈ0 தரம் (வாயு மிகக் குறைவு என்று அர்த்தமாம்), மரம் வெட்டவில்லை, பி.வி.சி மறுசுழற்சி ஆகும்.

முதலில் ஈ0. ஐரோப்பியத் தரத்தில் இருப்பது ஈ1, ஈ2 இரண்டும்தான். ஈ1 என்றால் பரிசோதனை அறையில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 0.124 மில்லிகிராமுக்கு மேல் ஃபார்மால்டிஹைடு இருக்கக் கூடாது. ஈ0 என்ற பெயர் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து தரத்தில் உண்டு, மற்றபடி அது கடைப் பேச்சு. எந்த முறையில் சோதித்தது, எத்தனை வந்தது என்று தாள் காட்டினால் ஈ0 என்பதற்கு அர்த்தம் இருக்கிறது, காட்டாவிட்டால் அது வெறும் ஸ்டிக்கர். கலிபோர்னியாவின் இரண்டாம் கட்ட விதி இன்னும் நேராகச் சொல்கிறது: பிளைவுட்டுக்கு பத்து லட்சத்தில் 0.05 பங்கு, பார்ட்டிக்கிள் போர்டுக்கு 0.09, எம்.டி.எஃப்புக்கு 0.11. இதிலிருந்தே எந்தப் போர்டு இயல்பில் அதிகம் விடும் என்று தெரிந்துவிடுகிறது. தம்பியிடம் தாள் கேட்டோம், கம்பெனியில் வாங்கி அனுப்புகிறேன் என்றார், வரவில்லை. இன்னொன்று, சோதனைத் தாளில் இருப்பது போர்டின் கணக்கு. அலமாரியாகும்போது அறுத்த ஓரம், கீல் பொருத்தத் தோண்டிய குழி, குழாய் போக வெட்டிய ஓட்டை என்று மூடாமல் விட்ட இடமெல்லாம் வாயுவுக்கும் தண்ணீருக்கும் வாசல். இரண்டு முகத்திலும் லேமினேட் ஒட்டி நான்கு ஓரமும் எட்ஜ் பேண்ட் (ஓரத்தை மூடும் பட்டை) போட்ட சாதாரண ஈ1 போர்டு, ஓரம் திறந்து கிடக்கிற 'ஈ0' போர்டை விட மேல் என்றுதான் சொல்வேன்.

மரம் வெட்டவில்லை என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிளைவுட்டுக்காகக் காடு போகிறது என்று இங்கே பலர் நினைப்பது பழைய கதை. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கோதாவர்மன் வழக்கில் உரிமம் இல்லாத மர ஆலைகளையும் பிளைவுட் ஆலைகளையும் மூடச் சொல்லி, வடகிழக்கிலிருந்து மரம் வெளியே போவதையும் நிறுத்திய பிறகு, இந்தத் தொழில் பெரும்பாலும் விவசாய நிலத்து மரத்துக்கு வந்துவிட்டது. ஹரியானாவின் யமுனாநகரில் பாப்லரும் தைலமரமும், கேரளத்தின் பெரும்பாவூரில் ரப்பர் மரமும். நம் பக்கமே மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி மலைவேம்பைப் பரப்பியதில், ஏழெட்டு வருடத்துக்குள் வெட்டி பிளைவுட் ஆலைக்கு அனுப்பலாம் என்று நட்டவர்கள் நிறையப் பேர். விவசாயி நட்டு, வெட்டி, மறுபடி நடுகிற மரத்தில் எனக்குக் குறை இல்லை. எஃப்.எஸ்.சி முத்திரை (1993-இல் தொடங்கிய வனச் சான்று அமைப்பின் முத்திரை) மரம் எங்கிருந்து வந்தது என்று சொல்லும், அதன் பசையில் என்ன இருக்கிறது என்று சொல்லாது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி விற்கிறார்கள், வாங்குகிறவரும் குழம்பிப் போகிறார்.

மூன்றாவது பி.வி.சி. செல்லு அரிக்காது, ஊறாது, பெரியவருக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் அதில் பாதிக்கு மேல் குளோரின். எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடும், டையாக்சின் வகை நஞ்சும் வரும், தோட்டத்து வீட்டில் குப்பை கடைசியில் எங்கே போகும் என்று எல்லாருக்கும் தெரியும். மறுசுழற்சி ஆகும் என்பது பொய் இல்லை, யார் செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி. நான் ஒரு எளிய சோதனை வைத்திருக்கிறேன்: பதினைந்து வருடம் கழித்து இதைக் கழற்றி வாசலில் போட்டால் பழைய இரும்புக்காரர் எதை எடுத்துக்கொள்வார்? எவர்சில்வர் கூடையை, அலுமினியக் கைப்பிடியைத் தராசில் வைப்பார். தேக்கு என்றால் பழைய மரக்கடைக்காரர் தேடி வருவார். லேமினேட் ஒட்டிய பார்ட்டிக்கிள் போர்டையும் பி.வி.சி போர்டையும் எவரும் தொட மாட்டார்.

முழுக்க எவர்சில்வரில் செய்தால் என்ன என்றும் யோசித்தோம். எத்தனை முறை உருக்கினாலும் தரம் குறையாத பொருள், செல்லு இல்லை, பசை இல்லை. 304 தரம் என்றால் ஏறக்குறைய நூற்றுக்கு 18 குரோமியம், 8 நிக்கல். 202 என்று விற்பதில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள், உப்புத் தண்ணியில் சீக்கிரம் கறை பிடிக்கும். காந்தம் ஒட்டாவிட்டால் 304 என்று கடையில் சொல்வதை நம்ப வேண்டாம், 202-வும் ஒட்டாது. விலையைக் கேட்டு மகனும், "கதவைச் சாத்துனா பாத்திரக்கடை மாதிரி சத்தம் வருமுங்க" என்று மாமியாரும் வேண்டாம் என்றார்கள். அலுமினியம் பேச்சோடு போனது. ஒரு கிலோ புது அலுமினியம் உருக்கி எடுக்க மட்டும் 14, 15 யூனிட் மின்சாரம் வேண்டும். பழையதை உருக்கினால் அதில் இருபதில் ஒரு பங்கு போதும், ஆனால் நமக்கு வருகிற பட்டையில் எவ்வளவு பழசு என்று கடைக்காரருக்கே தெரியாது.

பொள்ளாச்சி பக்கம் வாடல் நோயில் வெட்டிப் போடுகிற தென்னை மரத்தில் ஷட்டர் செய்யலாமே என்று மகனின் நண்பர் ஒருவர் சொன்னார். நல்ல யோசனைதான். வயதான தென்னையின் வெளிவட்டம் நல்ல கெட்டி. உள்பக்கம் பஞ்சு, அதைக் கழித்தால் ஒரு மரத்தில் கிடைக்கும் பலகை கொஞ்சம்தான், அறுக்கக் கார்பைடு பல் வைத்த ரம்பம் வேண்டும், சாதாரணப் பல் மழுங்கிவிடும். அதைச் செய்து பழகிய ஆசாரி எங்கள் பக்கம் கிடைக்கவில்லை.

இத்தனை பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே தேவையான மரம் களத்தில்தான் கிடந்தது. இடித்த பின்கட்டிலிருந்து இறக்கிய உத்திரங்கள் தேக்கு, குறுக்கே போட்டிருந்தவை வேம்பு, கைமரம் எல்லாம் பனை. இடிக்கும் ஒப்பந்தக்காரர் இதையெல்லாம் சேர்த்து எடுத்துக்கொள்வதாகத்தான் விலை பேசியிருந்தார், அதை மாற்றிப் பேச வேண்டியிருந்தது. இந்தப் பக்கம் வீடு இடிக்கிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்: ஒப்பந்தம் போடும் முன்னால் மரத்தைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். பல பத்தாண்டுகள் கூரைக்கடியில் காய்ந்த மரம் இனி எளிதில் முறுக்காது, வெடிக்காது, புதிதாக அறுத்த தேக்கில் காசு கொடுத்தாலும் அது கிடைக்காது.

பழைய மரம் என்றால் எல்லாமே நல்லது என்றும் இல்லை. உத்திரத்தின் வெளிப்பக்க வெள்ளைப் பகுதியைத் தட்டினால் மாவு கொட்டியது, வண்டு துளைத்த உளுப்பு. அதைச் செதுக்கி எடுத்து, உள்ளே இருந்த வைரத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். வேம்புக்குப் போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த தண்ணீரை இரண்டு பூச்சு. வீட்டுக்குள் நனையாத இடத்தில் இது போதும், கடும் பூச்சிமருந்து வாசனையும் இல்லை. அறுவை மில்லில் ஆணி இருக்கிற மரத்தை வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள், "பிளேடு போச்சுன்னா யாரு குடுக்கறதுங்க" என்பது நியாயமான கேள்வி. ஆசாரியும் பெரியவருமாக உட்கார்ந்து காந்தம் வைத்துத் தடவி ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். பழைய ஜன்னல் கதவுகளையும் இழைத்துப் போடலாம் என்று ஆசாரி சொன்னபோது நான்தான் தடுத்தேன். அதன் மேல் அடுக்கடுக்காகப் பச்சை எண்ணெய்ப் பெயிண்ட். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஈயத்தூள் வீடெல்லாம் பறக்கும், சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் அந்த விளையாட்டே வேண்டாம். அவை அப்படியே மாட்டுக்கொட்டகைக்குப் போயின. பனங்கைகளும் அங்கேதான்.

கீழ்ப்பகுதிக்குப் பெட்டியே வேண்டாம் என்று முடிவு செய்தோம். என் கணக்கில் இந்த வேலையிலேயே பெரிய முடிவு இதுதான், யாரும் இதைப் பச்சை என்று விற்பதில்லை. கிரானைட் மேடைக்குக் கீழே கடப்பா கல் பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தி, நடுவில் தட்டும் அதே கல்லில். கடப்பா கல் இயற்கையாகவே படிவம் படிவமாகப் பிரிகிற சுண்ணாம்புக் கல், உருக்கவோ சுடவோ வேண்டியதில்லை, ஆந்திராவிலிருந்து லாரியில் வருகிற டீசல்தான் அதன் பாவக் கணக்கு. சிங்க்குக்குக் கீழே எந்தப் போர்டு வைத்தாலும் ஒரு நாள் ஒழுகும், ஊறும், மற்றதெல்லாம் நன்றாக இருக்கும்போதே அந்த ஒரு பெட்டிக்காக முழு அலமாரியும் கழன்று போகும். கல்லைத் துணி வைத்துத் துடைத்தால் முடிந்தது. நம் அம்மாக்கள் காலத்துச் சமையலறையில் இருந்த ஏற்பாடுதான் இது, கதவு இல்லாமல் திரைச்சீலை தொங்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

சிக்கல் எங்கே என்றால் கீலில். கல்லும் கொத்து வேலையும் மில்லிமீட்டர் சுத்தமாக வராது, சாஃப்ட் குளோஸ் கீலோ மில்லிமீட்டர் கணக்கில்தான் பேசும். அதனால் ஒவ்வொரு கல் முகப்பிலும் ஒரு தேக்குச் சட்டத்தை ஆங்கர் போட்டு முடுக்கி, அதை இழைத்து நேராக்கி, கீலைச் சட்டத்தில் மாட்டினோம். ஷட்டருக்குத் தேக்கில் சட்டம், நடுவில் வேப்பம் பலகை. பலகையைச் சட்டத்தின் காடிப் பள்ளத்தில் பசை போடாமல் சும்மா செருகி விட வேண்டும், மரம் வெயிலுக்குச் சுருங்கி மழைக்கு விரிய இடம் வேண்டுமே. பசை போட்டால் ஏதாவது ஒரு கோடையில் பட்டென்று பிளக்கும். ஆசாரிக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பலகையைச் செருகும் முன்பே பாலிஷ் போட்டுவிடலாம் என்றதும் அவர்தான், பிறகு சுருங்கினால் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியுமாம்.

சிலிண்டர் வைக்கிற பகுதிக்கு மட்டும் பலகைக்குப் பதில் தரையை ஒட்டி இடைவெளி விட்ட சட்டங்கள். சமையல் வாயு காற்றை விடக் கனம், கசிந்தால் கீழேதான் தேங்கும். மூடிய பெட்டிக்குள் சிலிண்டரை வைத்து அழகு பார்க்கிற மாடுலர் கிச்சன்களைப் பார்த்தால் எனக்குப் பயம்தான்.

மேல் அலமாரி ஒரே ஒரு சுவரில். மகனுக்கு அங்கே வெள்ளை கிடைத்தது. அதற்கு 710 பிளைவுட், அதாவது ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரத்து மரைன், தண்ணீர் தாங்கும் வகை. இதில் போடுகிற பீனால் ஃபார்மால்டிஹைடு பசையும் பெயரளவில் ஃபார்மால்டிஹைடு பசைதான், ஆனால் இறுகிய பிறகு எளிதில் சிதையாது, யூரியாப் பசையை விட விடுகிற வாயு மிகக் குறைவு, 72 மணி நேரம் கொதிக்க வைத்தும் பிரியக் கூடாது என்பது அதன் தரச் சோதனை. அறுத்த ஓரத்தில் கருஞ்சிவப்புக் கோடு தெரியும். கடைகளில் '710' என்று அச்சடித்த போலிகள் ஏராளம், ஐ.எஸ்.ஐ முத்திரைக்குக் கீழே இருக்கிற உரிம எண்ணை, அந்த முத்திரையைத் தருகிற இந்தியத் தர அமைப்பின் பி.ஐ.எஸ் கேர் செயலியில் போட்டுப் பார்த்துத்தான் இறக்கினோம். செல்லு பிடிக்காமல் இருக்க இந்தப் பிளைவுட்டில் மருந்து ஏற்றியிருப்பார்கள், அதனால் மீந்த துண்டுகளை அடுப்பில் வைக்க வேண்டாம் என்று மாமியாரிடம் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. பழைய அண்டா, குண்டாவுக்கு அட்டாலி (பரண்) கான்கிரீட்டிலேயே போட்டாயிற்று, அதற்குக் கதவு வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

பூச்சுக்கு மெலமைன் பாலிஷ் கூடாது என்பதில் நான் பிடிவாதம், தின்னர் நெடி வாரக்கணக்கில் நிற்கும், அதிலும் பல வகைகளில் ஃபார்மால்டிஹைடு உண்டு. போர்டில் தப்பித்து பாலிஷில் மாட்டிக்கொள்வானேன். வெளிப்பக்கம் தண்ணீரில் கரைகிற பி.யு (பாலியூரிதேன்) பூச்சு, உள்பக்கம் அரக்குப் பாலிஷ். அரக்கு சூடான தண்ணீர் பட்டால் வெளுக்கும், அதனால் உள்ளே மட்டும். ஆளிவிதை எண்ணெய் மரத்துக்கு அழகு தரும், ஆனால் தாளிப்பு எண்ணெய் படிகிற இடத்தில் பிசுபிசுப்போடு சேர்ந்துகொள்ளும். துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும் என்பதும் பலருக்குத் தெரியாது.

செலவு ஷோரூம் சொன்னதில் ஏறத்தாழ முக்கால் பங்கு வந்தது. மரம் சொந்தம், ஆனாலும் ஆசாரி கூலி மொத்தத்தில் பாதியைத் தாண்டியது. வெளியில் பழைய மரக்கடையில் கன அடி விலைக்குத் தேக்கு வாங்கிச் செய்திருந்தால் ஷோரூம் விலையைத் தொட்டிருக்கும். நேரமும் அப்படித்தான், ஷோரூம்காரர்கள் இரண்டு நாளில் மாட்டிவிட்டுப் போவதை ஆசாரி மாதக்கணக்கில் செய்தார்.

ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பார்த்தாயிற்று. சிங்க் குழாய் ஒரு முறை ராத்திரி முழுக்க ஒழுகியது, கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. கனமான ஷட்டர்கள் சில தொங்கிவிட்டன, கீலைத் திருகிச் சரிசெய்தோம், மூன்றாவது கீல் கேட்கிற கனம் அது. கல் சந்துகளில் கரப்பான் குடியேறியது, சிமெண்ட் வைத்து அடைத்த பிறகு குறைந்தது. கீழே எல்லாம் அடர் நிறம் என்பதால் சமையலறை இருட்டாக இருக்கிறது என்று மகன் இன்னும் சொல்கிறார், உண்மைதான். பையனின் இளைப்பு குறைந்திருக்கிறது, ஆனால் அதற்கு அலமாரியைக் காரணம் காட்ட மாட்டேன். அதே சமயத்தில் விறகடுப்பு வெளியே போய்விட்டது, பெரிய ஜன்னலும் புகைபோக்கி விசிறியும் வந்தன. வீசிங் பிள்ளை இருக்கிற வீட்டில் முதல் காசை ஜன்னலில் போடுங்கள், அப்புறம் போர்டைப் பற்றிப் பேசலாம்.

மருமகளின் அக்கா திருப்பூரில் அடுக்குமாடியில் இருக்கிறார், அவரும் கேட்டார்: "எங்களுக்கு உத்திரமும் இல்ல, எடமும் இல்ல, நாங்க என்னங்க பண்றது?" அவருக்குச் சொன்னது: ஏற்கனவே இருக்கிற பெட்டி கெட்டியாக இருந்தால் அதைக் கழற்ற வேண்டாம், ஷட்டரை மட்டும் மாற்றுங்கள். சிங்க் பெட்டியை மட்டும் கல்லுக்கோ 304 எவர்சில்வருக்கோ மாற்றுங்கள். புதுப் பெட்டிதான் என்றால் உரிம எண் சரிபார்த்த 710, அல்லது சோதனைத் தாளோடு வருகிற ஈ1, எல்லா ஓரமும் குழியும் மூடச் சொல்லி எழுதி வாங்குங்கள். மாட்டிய பிறகு கதவுகளைத் திறந்து வைத்து, விசிறி போட்டு, சில வாரம் கழித்துச் சாமான் அடுக்குங்கள்; முடிந்தால் அதைப் பங்குனி, சித்திரையில் செய்யுங்கள், சூட்டுக்கு வாயு வேகமாக வெளியேறும். அவர் போய்ப் பார்த்துவிட்டு, பெட்டி எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, சிங்க் பக்கம் மட்டும் ஊறியிருக்கிறது என்று படம் அனுப்பியிருக்கிறார். அடுத்த வாரம் கல் அளவெடுக்கப் போகிறோம்.